பழைய வீட்டுச் சமையலறை சிங்க்கை நாமே மாற்றலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில் 1960-களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சமையலறை சிங்க்கின் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்து கபோர்டுக்குள் தண்ணீர் சொட்டுகிறது. 220 மி.மீ. ஆழமுள்ள புது சிங்க் ஒன்றும் ஒற்றைக் கைப்பிடி மிக்சர் குழாயும் வாங்கி வைத்தாயிற்று. பிளம்பர் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை, வீடியோவில் பார்த்தால் அரை மணி நேர வேலையாக இருக்கிறது, நானும் தம்பியும் சேர்ந்து ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாமா என்கிறீர்கள்.

முடியும். ஸ்பேனர் பிடிக்கப் பழகிய யாரும் செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பார்த்த பிறகு, உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் பதில் வேறு என்று தோன்றுகிறது: பழையதைக் கழற்றிய பிறகு, நீங்கள் வாங்கிய இந்த சிங்க் அந்த இடத்தில் உட்காருமா, அதிலிருந்து தண்ணீர் சரியாக இறங்குமா, சுவருக்குள் இருக்கும் குழாய் அதுவரை தாக்குப்பிடிக்குமா? இந்த மூன்றுக்கும் விடை பழைய சிங்க்கைத் தொடுவதற்கு முன்பே கிடைத்துவிடும். ஒரு டார்ச்சும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு கபோர்டுக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும். நான் ஊரில் ஐ.டி.ஐ.யில் பிளம்பிங் படித்துவிட்டு டர்பனுக்கு வந்தவன், பல வருடங்களாக சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரேபேங்க் பக்கத்து வீடுகளில்தான் வேலை. இந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் எல்லோருமே இந்த மூன்றில் ஒன்றைப் பார்க்காமல் ஆரம்பித்தவர்கள்தான்.

முதல் விஷயம் உட்காரும் இடம். உங்கள் படத்தில் இருப்பது தகடு முழுவதுமாக ஒரே துண்டாக இருக்கும் பழைய பாணி சிங்க். கிண்ணமும் பாத்திரம் வடிய வைக்கும் பள்ளமும் ஒரே தகட்டில் இருக்கிறது, அந்தத் தகடு கபோர்டின் மேல் மூடி போல உட்கார்ந்திருக்கிறது. இங்கே இதை சிட்-ஆன் என்பார்கள், இந்தப் பக்கத்து பழைய வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான். நீங்கள் வாங்கியிருப்பது கவுண்டரில் ஓட்டை வெட்டி இறக்கி வைக்கிற வகை. பிரச்சினை புரிகிறதா? பழையதைத் தூக்கினால் கீழே கவுண்டரே இருக்காது, திறந்த கபோர்டு பெட்டிதான் இருக்கும், புது சிங்க்கை எதில் இறக்குவீர்கள்? ஆகவே ஒன்று, அந்தக் கபோர்டின் மேல் புதிதாக ஒரு கவுண்டர் பலகை போட வேண்டும், இல்லையென்றால் இந்த சிங்க்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே நீள அகலத்தில் சிட்-ஆன் சிங்க் ஒன்றை வாங்க வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் பில்லோடு கொண்டு போனால் பெரும்பாலான கடைகளில் மாற்றிக் கொடுப்பார்கள். கபோர்டின் நீளத்தையும் முன்னிருந்து பின்சுவர் வரையுள்ள அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். பழைய கபோர்டுகள் இன்றைய கவுண்டரைவிட ஒடுக்கமாக இருக்கும். நீளம் சரியாக இருந்து அகலம் மட்டும் ஏழெட்டு செ.மீ. கூடிப்போய் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கவுண்டர் போடுவதாக முடிவு செய்தால், இங்கே சாதாரணமாகக் கிடைப்பது மரத்தூள் பலகையின் மேல் லேமினேட் ஒட்டிய கவுண்டர். அதில் ஓட்டை வெட்டுவதற்கு சிங்க்கோடு ஒரு காகித அச்சு வந்திருக்கும், அதை ஒட்டிக் கோடு போட்டு ஜிக்-சாவால் வெட்டலாம். சிங்க்கையே கவிழ்த்து வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே வெட்டிவிடாதீர்கள், ஓட்டை பெரிதாகி சிங்க் உள்ளே விழுந்துவிடும். விளிம்பு எல்லாப் பக்கமும் கவுண்டரின் மேல் ஒரு செ.மீ.யாவது உட்கார வேண்டும். வெட்டுவதற்கு முன் கீழே கபோர்டின் குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்றும் பாருங்கள், கிண்ணம் அதில் இடித்தால் இறங்காது. அப்புறம் ஒரு முக்கியமான வேலை, நிறையப் பேர் விட்டுவிடுவது: வெட்டிய பக்கத்தில் மரத்தூள் பச்சையாகத் தெரியும், அங்கே வார்னிஷோ சிலிக்கானோ சுற்றிலும் இடைவெளி இல்லாமல் தடவிக் காயவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தினமும் போனால் பலகை ரஸ்க் போல ஊதிவிடும், ஊதியது திரும்ப வற்றாது. கிரானைட் கவுண்டர் என்றால் வீட்டில் வெட்டவே வேண்டாம். கல் வேலை செய்கிறவர்களிடம் சிங்க்கையே கொடுத்து விடுங்கள், அவர்கள் பட்டறையில் வெட்டி விளிம்பைப் பாலிஷ் செய்து தருவார்கள்.

இரண்டாவது விஷயத்தில்தான் நீங்கள் அதிகமாகக் கவனம் வைக்க வேண்டும், அது ஆழம். அந்தக் காலத்து சிங்க் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே அதிகம். நீங்கள் வாங்கியது 22 செ.மீ. அண்டாவைக் கழுவ வசதியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப நியாயம், ஆடிக் கூழுக்கும் புரட்டாசி விரதச் சமையலுக்கும் பெரிய பாத்திரம் புழங்கும் வீட்டுக்கு ஆழமான ஒற்றைக் கிண்ணம்தான் சரி. ஆனால் கிண்ணம் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு கீழே கழிவு வாயும் இறங்கும், சுவருக்குள் போகிற கழிவுக் குழாயோ பழைய உயரத்திலேயே நிற்கும். தண்ணீர் மேடேறிப் போகாது.

கணக்கு இப்படிப் போடுங்கள். தரையிலிருந்து கவுண்டரின் மேல்பரப்பு 900 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் கிண்ணத்தின் ஆழம் 220-ஐக் கழியுங்கள், 680. கிண்ணத்தின் அடியில் திருகும் வேஸ்ட் கப்ளிங் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைக் கழியுங்கள், 80 என்று வையுங்கள், 600. கப்ளிங்குக்குக் கீழே மாட்டும் வளைகுழாயான ட்ராப்பின் மேல் நட்டிலிருந்து அதன் வெளிவாயின் நடுப்பகுதி வரை உள்ள உயரத்தைக் கழியுங்கள், 60 என்று வைத்தால் 540. இதுதான் உங்கள் புது சிங்க்கின் தண்ணீர் வெளியே போகிற உயரம். இப்போது சுவரில் உள்ள கழிவுக் குழாயின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளங்கள். 540-க்குக் கீழே இருந்தால் நல்லது, குழாய் ஓடும் ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டு, இரண்டரை செ.மீ. சரிவும் வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது 580-இலோ 600-இலோ இருந்தால் இந்த சிங்க் அந்தக் குழாயோடு சேராது. வளைகிற நெளிகுழாயை வைத்து எப்படியோ இழுத்து மாட்டிவிடலாம், கடையிலும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மாட்டிய அன்று தண்ணீர் போகவும் செய்யும். ஆனால் அந்த நெளிவுகளில் சோறும் எண்ணெயும் தேங்கி, சில மாதத்தில் நாற்றமும் அடைப்பும் ஆரம்பித்துவிடும். நான் எழுதிய எண்கள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் கையில் உள்ள கப்ளிங்கையும் ட்ராப்பையும் அளந்து போடுங்கள்.

உயரம் ஒத்துவரவில்லை என்றாலும் இந்த ஊர் வீடுகளில் ஒரு வசதி உண்டு. சமையலறை பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டித்தான் இருக்கும், கழிவுக் குழாய் சுவரைத் தாண்டி வெளியே வந்து, தரையில் கம்பி மூடி போட்ட சின்னத் தொட்டியின் மேல் ஊற்றும். இங்கே கல்லி என்று சொல்வது அதைத்தான். அப்படிப்பட்ட வீட்டில் பழைய துவாரத்தை அடைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து செ.மீ. கீழே புதிதாக ஒரு துவாரம் போட்டுக் குழாயை இறக்கிவிடலாம், செங்கல் சுவரில் ஒரு பிளம்பருக்கு இது பெரிய வேலை இல்லை. மாறாக, உங்கள் சமையலறை நடு வீட்டில் இருந்து, குழாய் சுவருக்குள்ளேயே கீழே இறங்கினால் கதை வேறு, சுவரை உடைக்க வேண்டிவரும். அப்போது ஆழம் குறைந்த சிங்க்கை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கல்லியைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்ல வேண்டும்: நாற்றம் வருகிறதென்று அதன் மேல் சிமென்ட் போட்டு மூடுகிறார்கள், செய்யாதீர்கள். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் கழிவு வீட்டுக்குள் பொங்காமல் வெளியே பொங்குவதற்கும் சேர்த்துத்தான் அது அங்கே தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது.

ட்ராப் எதற்கென்று தெரிந்தால் அதைச் சரியாக மாட்டுவீர்கள். அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும், சாக்கடைக் காற்றை அந்தத் தண்ணீர்தான் தடுக்கிறது. சமையலறைக்கு 40 மி.மீ. குழாயும் ட்ராப்பும் போடுங்கள், வாஷ்பேசினுக்கு 32 போதும், சிங்க்குக்கு அது பத்தாது. குளியலறையில் அழகுக்குப் போடுகிற பாட்டில் ட்ராப்பை சமையலறையில் போட நான் சம்மதிக்க மாட்டேன், குழம்பு மசாலாவும் அரிசியும் அதன் அடியில் படிந்துவிடும். அடியில் கையால் திருகிக் கழற்றுகிற மாதிரியான பிளாஸ்டிக் பி-ட்ராப் விலையும் குறைவு, சுத்தம் செய்யவும் சுலபம்.

மூன்றாவது, சுவருக்குள் இருக்கும் தண்ணீர்க் குழாய். படத்தில் குழாய் சிங்க்கின் மேல் நிற்கிறது, கீழே இரண்டு தண்ணீர்க் குழாய்கள் சுவருக்குள் போகின்றன, நல்ல காலம். குழாய் சுவரிலிருந்தே வருகிற வீடாக இருந்தால், சிங்க்கில் நிற்கும் மிக்சர் வைக்கவே சுவரை உடைத்துக் குழாயைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். உங்களுடையதில் பார்க்க வேண்டியது சுவருக்குள் போகும் அந்தக் குழாய்கள் செம்பா, ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்பா என்பது. கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள், சிவந்த மஞ்சளாக மின்னினால் செம்பு, சாம்பலாக இருந்து காந்தம் ஒட்டினால் ஜி.ஐ. செம்பென்றால் பெரிய பயம் இல்லை. 15 மி.மீ. செம்புக் குழாய்க்கு நட்டும் உள்ளே பித்தளை வளையமும் வைத்து இறுக்கும் இணைப்புகள் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். குழாயை நேராக வெட்டி, வெட்டிய வாயில் பிசிறு இல்லாமல் தேய்த்து, உள்ளே முழுவதும் தள்ளி இறுக்கினால் தண்ணீர் கசியாது.

ஜி.ஐ. என்றால் நான் நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அறுபது வருடத்துக் குழாய் வெளியே திடமாகத் தெரியும், உள்ளே துரு வளர்ந்து வாய் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும், மரை இருக்கும் இடம் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். வெளியே நட்டைத் திருகுகிறீர்கள், சுவருக்குள் எல்போ எனும் வளைவு இணைப்பு உடைகிறது. நல்லபடியாகக் கழன்றுவிடவும் கூடும். சுவரை உடைத்துப் பார்க்காமல் எந்த பிளம்பராலும் இதில் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் சில பிளம்பர்கள் இப்படிப்பட்ட வீட்டுக்குக் கூலி அதிகமாகச் சொல்கிறார்கள். உங்களிடம் கேட்டவர் அந்தக் கணக்கில்தான் சொன்னாரா என்று அவரிடமே கேளுங்கள், சுவரைத் தொடாமல் முடிந்தால் எவ்வளவு, உடைந்தால் எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் சொல்வார்கள்.

மிக்சர் வாங்கிவிட்டீர்கள், ஆனால் கீசரைப் பார்த்தீர்களா? இன்றைய ஒற்றைக் கைப்பிடி மிக்சர்கள் பெரும்பாலும் வெந்நீரும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் வரும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. இப்போது போடும் கீசர்களில் 400 கிலோபாஸ்கல் அளவுக்கு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இருக்கும், பல வீடுகளில் தண்ணீர்ப் பக்கமும் அதே வால்வு வழியாக வரும், அங்கே மிக்சர் பிரமாதமாக வேலை செய்யும். பழைய வீடுகளில் 100 கிலோபாஸ்கல் கீசர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது வெந்நீர் மட்டும் குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் நேராகத் தெரு அழுத்தத்திலும் வருகிறது. சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர், பள்ளத்து வீடுகளில் தெரு அழுத்தம் கடுமையாக இருக்கும். அப்படி இருந்தால் கைப்பிடியை எங்கே திருப்பினாலும் வெந்நீர் நூல் மாதிரிதான் வரும். சுலபமான சோதனை, இப்போது இருக்கும் இரண்டு குழாயையும் தனித்தனியாக முழுக்கத் திறந்து ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். வெந்நீர்ப் பக்கம் இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுத்தால், மிக்சரை மாற்றி, குறைந்த அழுத்தத்துக்கு என்று விற்கும் இரட்டைத் திருகு வகையை வாங்குங்கள். கீசரில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். வால்வு தவறினால் கீசர் வெடிக்கக்கூடும், அந்த வேலைக்கு இங்கே தனித் தரவிதியே இருக்கிறது. பதிவு பெற்ற பிளம்பர் செய்து சான்றிதழ் கொடுத்தால்தான் பின்னால் இன்சூரன்சிலும் வாதாட முடியும்.

சிங்க் நல்லதா என்றும் கேட்டிருந்தீர்கள். பெட்டியில் 304 என்று போட்டிருக்கிறதா 430 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், 430-இல் நிக்கல் கிடையாது என்றே சொல்லலாம். எதுவும் போடவில்லை என்றால் தட்டையான இடத்தில் காந்தம் வைத்துப் பாருங்கள், டப்பென்று ஒட்டினால் 430. கிண்ணத்தின் வளைந்த மூலையில் மட்டும் லேசாக இழுத்தால் கவலைப்படாதீர்கள், தகட்டை அழுத்தி வளைக்கும்போது 304-உம் அங்கே கொஞ்சம் காந்தத்தன்மை பெறும். டர்பன் கடல் காற்றில் உப்பு அதிகம், கடற்கரைப் பக்கம் 430 சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். ஆனால் எந்த சிங்க்கையும் கெடுப்பது நாமே ஊற்றுகிற ப்ளீச்தான். ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டால் 304-கூடப் புள்ளி விழும். மஞ்சள் கறைக்கு ப்ளீச்சைவிட பேக்கிங் சோடாவும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். வெள்ளைப் பீங்கான் சிங்க் பார்க்க அழகு, ஆனால் கனமான அண்டாவும் இரும்புச் சட்டியும் புழங்கும் வீட்டில் அது சில்லு பெயர்ந்துவிடும்.

இவ்வளவும் ஒத்துவந்தால் வேலைக்கு வருவோம். சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பியுங்கள். ஏதோ ஒரு வாஷர் குறையும், கடை மதியத்துக்குமேல் மூடிவிடும். அதற்குச் சில நாள் முன்பே மெயின் வால்வு மூடுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். மூடிவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்தால் சொட்டு நிற்க வேண்டும். மீட்டருக்குப் பக்கத்து வால்வு இறுகிக் கிடந்தால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். மீட்டரும் அதற்கு முன்னால் இருப்பவையும் நகராட்சியின் சொத்து, அது உடைந்தால் தெருவே நனையும், அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். வேலை நாளில் வீட்டு மின்சாரப் பெட்டியான டிபி போர்டில் கீசர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மெயினை மூடி, வெந்நீர், தண்ணீர் இரண்டு குழாயையும் திறந்து வையுங்கள். முதலில் வரும் வெந்நீர் சுடும், கையை வைக்காதீர்கள்.

ட்ராப்பைக் கழற்றும்போது கீழே வாளி வைத்திருங்கள், உள்ளே தேங்கிய தண்ணீர் வரும். அதை எடுத்து நீங்கள் இப்போது வேஸ்ட்டைக் கழற்றிய அதே சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள், பழக்கத்தில் கை அங்கேதான் போகும். சுவரில் திறந்திருக்கும் கழிவுக் குழாயின் வாயில் ஒரு பழந்துணியைச் சுருட்டி அடையுங்கள். நட்டுகளைத் திருகும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர், ஒன்று சுவர்ப் பக்கத்துக் குழாயை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருக. குழாயின் அடியில் கை நுழையாத நட்டுக்கு பேசின் ஸ்பேனர் என்று நீண்ட கைப்பிடியோடு விற்கிறார்கள், இரவல் கிடைத்தாலும் போதும், அது இல்லாமல் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்த நட்டோடு போராட வேண்டாம்.

இன்னொன்று. பழைய இரும்பு சிங்க்கின் அடியில் ஒரு செம்புப் பட்டையோ பச்சை மஞ்சள் கம்பியோ குழாயோடு சேர்த்துத் திருகியிருந்தால் அது எர்த் இணைப்பு. அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள், புது சிங்க்கில் அதற்கென்று ஒரு காது இருக்கும், அங்கே திரும்ப மாட்டுங்கள். அப்படி இடம் இல்லையென்றாலோ கம்பி அறுந்திருந்தாலோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், மின்சாரம் என் தொழில் இல்லை, அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

புது சிங்க்கை இறக்குவதற்கு முன்பே மிக்சர், அதன் குழாய்கள், வேஸ்ட் கப்ளிங் எல்லாவற்றையும் மேஜையில் ஒரு போர்வை விரித்துக் கவிழ்த்து வைத்து மாட்டிவிடுங்கள். மிக்சரின் அடியில் போகிற இரண்டு ஒல்லிக் குழாய்களைக் கையால் மட்டும் திருகுங்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுக்கிறது, ஸ்பேனர் போட்டால் அது கிழியும். அதேபோல் பின்னல் கம்பிக் குழாயின் மறுமுனையிலும் ரப்பர் வாஷர் இருக்கிறது, அங்கே மரையில் சுற்றும் வெள்ளை டேப் வேண்டாம், கையால் இறுக்கி ஸ்பேனரால் கால் சுற்று. டேப் தேவைப்படுவது, சிங்க்கின் அடியிலேயே தண்ணீரை மூடுகிற சின்ன வால்வான ஆங்கிள் வால்வைச் சுவர்க் குழாயில் திருகும் இடத்தில், மரை ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். பழைய வால்வுகள் இருந்தாலும் புது ஆங்கிள் வால்வு இரண்டு போட்டுவிடுங்கள், அடுத்த முறை வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. பழைய பின்னல் குழாயை மட்டும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே ரப்பர் காய்ந்திருக்கும், ஆளில்லாத வீட்டில் வெடித்து வெள்ளமாக்குவது அதுதான்.

வேஸ்ட்டில் வாஷர் வரிசை முக்கியம். கிண்ணத்தின் அடியில் தகட்டை ஒட்டி முதலில் ரப்பர், அதற்குக் கீழே வழுக்குகிற மெல்லிய பிளாஸ்டிக் அல்லது அட்டை வளையம், அதற்குப் பிறகு நட். அந்த மெல்லிய வளையம் இல்லாவிட்டால் நட் திரும்பும்போது ரப்பரையும் முறுக்கிப் பிதுக்கிவிடும். ட்ராப் நட்டுகளுக்குள் இருக்கும் வாஷர் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும், அந்தச் சாய்ந்த பக்கம் நட்டைப் பார்க்காமல் எதிரே உள்ள வாயைப் பார்த்துப் போக வேண்டும், திருப்பிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். பிளாஸ்டிக் நட்டுகளைக் கையால் இறுக்கினால் போதும்.

சிலிக்கானில், குளியலறைக்கும் சமையலறைக்கும் என்று பூஞ்சை பிடிக்காத வகை விற்கிறார்கள், அதை வாங்குங்கள். வினிகர் வாசனை வரும் வகை கிரானைட்டிலும் பளிங்கிலும் கறை விடக்கூடும், கல் கவுண்டராக இருந்தால் வாசனை இல்லாத நியூட்ரல் வகைதான். இடம் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் காய்ந்திருக்க வேண்டும், பழைய சிலிக்கானின் மேல் புது சிலிக்கான் ஒட்டாது. விளிம்பின் அடியில் ஒரே ஓட்டமாக ஒரு கோடு, சிங்க்கை இறக்கி கிளிப்புகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள், ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தகடு வளையும். 24 மணி நேரம் விளிம்பில் தண்ணீர் படாமல் விடுங்கள்.

தண்ணீரைத் திறக்கும்போது மிக்சரின் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிவிட்டு மெதுவாகத் திறங்கள். இந்தப் பக்கம் தண்ணீர் நின்று நின்று வருகிறது, ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் இருந்த துருவும் மணலும் கிளம்பி வரும், அது மிக்சருக்குள் போனால் கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் புது கார்ட்ரிட்ஜ் கீறிப் போகும். கலங்கல் போனபின் சல்லடையை மாட்டுங்கள். வெந்நீர்க் குழாயில் காற்று முழுக்கப் போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே கீசர் ஸ்விட்சைப் போடுங்கள். அடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் தெரியும். கழிவுப் பக்கத்தைக் குழாயைத் திறந்துவிட்டுச் சோதித்தால் போதாது. கிண்ணத்தை முழுக்க நிரப்பி, கால் மணி நேரம் வைத்து, ஒரேயடியாகத் திறந்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், நிறையத் தண்ணீர் வேகமாகப் போகும்போது மட்டுமே சில இணைப்புகள் சொட்டும். இரவு படுக்கப் போகுமுன் எல்லாக் குழாயையும் மூடி மீட்டர் எண்ணை எழுதி வைத்து, காலையில் யாரும் தண்ணீர் தொடுமுன் திரும்பப் பாருங்கள். நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது, டாய்லெட் தொட்டியையும் சேர்த்துப் பாருங்கள்.

சட்ட விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: இருக்கும் இடத்தில் சிங்க்கை மாற்றுவது ஒன்று, வடிகாலை இடம் மாற்றுவதோ பூமிக்கடியில் ஓடும் சாக்கடைக் குழாயில் கை வைப்பதோ வேறொன்று. பின்னதற்குத் தகுதி பெற்ற பிளம்பரும் நகராட்சியின் சம்மதமும் வேண்டும். பதிவு பெற்ற பிளம்பர்கள் பி.ஐ.ஆர்.பி. எனும் பிளம்பர் பதிவு வாரியம் வழியாகச் சான்றிதழ் கொடுப்பார்கள், அதைக் கேட்டு வாங்கி வையுங்கள். கேப் டவுனில் வீட்டை விற்கும்போதே பிளம்பிங் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது விதி. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பாடி கார்ப்பரேட் எனும் உரிமையாளர் சங்கத்திடம் எழுதிக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது, கீழ் வீட்டுக் கூரை நனைந்தால் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

கூலி குறைய வேண்டுமென்றால் வேலையைப் பிரியுங்கள். சுவர்க் குழாயைச் சரிபார்த்து இரண்டு ஆங்கிள் வால்வு போடுவதும், தேவைப்பட்டால் கழிவுக் குழாயின் துவாரத்தைக் கீழே இறக்குவதும் மட்டும் பிளம்பர் செய்யட்டும், அது அரை நாள் வேலைக்குள் அடங்கும். கவுண்டர், சிங்க், மிக்சர், ட்ராப், சிலிக்கான் எல்லாம் நீங்களும் தம்பியும் செய்யுங்கள். கவுண்டர் உயரம், கபோர்டின் நீள அகலம், சுவர்க் கழிவுக் குழாயின் உயரம், தண்ணீர்க் குழாய் செம்பா ஜி.ஐ.யா என்ற இந்த நான்கையும் இங்கேயே கீழே எழுதிப் போட்டால், சிங்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பெட்டியைப் பிரிக்காதீர்கள்.